விழப்போற பல்லுதானே?

காலை ஆறு மணிக்குப் புதுவாயல் கூட்டுச்சாலையில் இரண்டு கூட்டம் நிற்கும். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முதல் ஷிஃப்ட்காரர்கள் ஒரு பக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் சிவந்து இறங்குகிறவர்கள் மறுபக்கம். டீக்கடையில் இரண்டும் கலக்கும். அந்த நேரத்தில் நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அப்பா வந்து, மருந்துக் கடை எப்போது திறப்பார்கள் என்று கேட்டால், விஷயம் பெரும்பாலும் காய்ச்சலாக இருக்கும். இல்லையென்றால் பல். இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுது, விடிகிற நேரத்தில்தான் கண்ணயர்ந்த குழந்தை. வீட்டில் ஆயா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருப்பார்: “அது விழப்போற பல்லுதானேடா. கிராம்பு வெச்சி வுடு, தானா சரியாப் பூடும்.”

ஆயா சொன்னதில் பாதி சரி. பால் பல் விழத்தான் போகிறது. எப்போது விழும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. பால் பல் சொத்தைக்கு என்ன வைத்தியம் என்ற கேள்விக்குப் பதில், சொத்தையின் ஆழத்தில் பாதி இருக்கிறது, காலண்டரில் பாதி இருக்கிறது.

காலண்டரை முதலில் பார்ப்போம். பால் பற்கள் மேலே பத்து, கீழே பத்து, மொத்தம் 20. ஆறாம் மாத வாக்கில் கீழ் முன்பல்லில் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். ஆனால் எல்லாம் ஒன்றாக விழுவதில்லை. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கும். அவற்றை ஒட்டியவை ஏழு, எட்டில். கடவாய்ப் பற்களும் கோரைப் பற்களும் ஒன்பது வயதுக்குப் பிறகுதான். கடைசிக் கடவாய்ப் பல் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கும். ஆக, ஆறு வயதுப் பிள்ளையின் ஆடுகிற முன்பல்லில் சொத்தை என்றால் ஆயா ஜெயித்தார். நாலு வயதில் பின்கடவாய்ப் பல்லில் குழி விழுந்தால், அந்தப் பல்லுக்கு இன்னும் ஆறேழு வருஷ வேலை பாக்கி இருக்கிறது. எல்.கே.ஜி.யில் தொடங்கிய வலியை ஆறாம் வகுப்பு வரை சுமக்கச் சொல்ல முடியாது.

மெல்லுவது மட்டும் பால் பல்லின் வேலை இல்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த வேலையையும் அது செய்கிறது. பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. துண்டை யாராவது எடுத்துப் போட்டால் பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பால் கடவாய்ப் பல்லைச் சீக்கிரமே பிடுங்கினால், பின்னாலிருக்கும் பல் முன்னால் சரிந்துவரும். உரிய பல் வெளியே வரும்போது இடமில்லாமல் கோணிக்கொண்டு முளைக்கும். கம்பி போட்டு அதைச் சரிசெய்ய ஆகும் செலவைப் பார்த்தால், சொத்தையை அடைக்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. போதாததற்கு, பால் பல்லின் வேரடியில் சீழ் நாள்பட நின்றால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலில் தழும்பு விழுவதும் உண்டு.

பூச்சி எங்கே இருக்கிறது?

“பல்லப் பூச்சி அரிச்சிடுச்சி” என்றுதான் நம் பக்கம் சொல்வோம். பெயரே பூச்சிப் பல். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை காட்டிப் புழுவை எடுப்பது பழைய வைத்தியம். நம்மை நாமே கேலி செய்துகொள்ளத் தேவையில்லை. இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருந்தது. பிரான்ஸின் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் எழுதிய நூலில், பல்லுக்குள் புழு எதையும் தாம் காணவில்லை என்று சொல்லவேண்டியிருந்தது.

அரிப்பது புழு இல்லை, அமிலம். வாயில் எப்போதும் இருக்கும் கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற சில, நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கும். அந்த அமிலம் பல்லின் மேலோடான எனாமலிலிருந்து கால்சியத்தைக் கரைக்கும். அரை மணி நேரம் போல விட்டுவிட்டால் உமிழ்நீர் அமிலத்தை மட்டுப்படுத்தி, கரைந்ததைத் திரும்பப் பூசிவிடும். நாள் முழுக்கக் கரைவதும் பூசுவதும் மாறி மாறி நடக்கிறது. கரைக்கும் நேரம் கூடிக்கொண்டே போய், பூசும் நேரம் குறைந்தால் அங்கே சொத்தை.

அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. சோற்றோடு சேர்த்து ஒரு ஜிலேபியைத் தின்று முடிக்கும் பிள்ளைக்கு ஒரு தடவைதான் அமிலம். காலை டீயில் நனைத்த பொறை, எட்டு மணிக்குப் பூஸ்ட், பத்து மணிக்கு ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட், மதியம் ஒரு லாலிபாப், நாலு மணிக்கு மறுபடி டீ என்று போகும் பிள்ளையின் வாய் காய்வதே இல்லை. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் என்னவோ சின்னதுதான். ஆனால் அது வாயில் ஒட்டிக்கொண்டு இருக்கும் நேரம் பெரியது.

இரவு இதைவிட மோசம். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு விடியும்வரை கழுவ ஆளில்லை. இந்தச் சொத்தைக்கு ஓர் அடையாளம் உண்டு: மேல் முன்பற்கள் நாலும் முதலில் கெடும், கீழ் முன்பற்கள் தப்பிக்கும், ஏனென்றால் நாக்கு அவற்றை மூடிக்கொண்டிருக்கும். அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா பகல் ஷிஃப்ட், குழந்தை ஆயாவிடம் என்று ஓடும் வீட்டில் அந்தப் பாட்டில்தான் எல்லோருக்கும் கொஞ்சம் தூக்கம் தருகிறது. குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. பாலை மடியில் வைத்துக் கொடுத்து முடித்துவிட்டு, ஈரத் துணியால் பல்லைத் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தால் போதும். இரவில் பாட்டில் வேண்டுமென்று அடம்பிடித்தால் வெறும் தண்ணீர். முதல் ஒரு வாரம் ரகளையாகத்தான் இருக்கும்.

பால் பல்லில் எனாமல் மெலிசு. நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் அறையோ, பல்லின் அளவுக்குப் பெரியது. பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆகும் சேதம் குழந்தைக்குச் சில மாதத்தில் ஆகிவிடுவது இதனால்தான். “போன பொங்கலுக்குக்கூட ஒண்ணும் இல்லீங்க” என்று அம்மாக்கள் சொல்வது பொய் இல்லை.

2002–03இல் நாடு முழுக்க எடுத்த பல் நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, பால் பல் சொத்தை உள்ள குழந்தைகள் உலகத்தில் 51 கோடிக்கு மேல் என்கிறது. தன் வீட்டில் மட்டும் இப்படி என்று யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒரு தடவை, வெளிச்சத்தில், குழந்தையின் தலையை உங்கள் மடியில் வைத்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. எல்லோரும் தவறவிடும் படியும் அதுதான், வெள்ளையாக இருப்பதால். இந்த நிலையில் குழி இல்லை. பல் திரும்பிவர முடியும். அடுத்து மஞ்சளாகும், பழுப்பாகும், பிறகு குழி. ஈறில் சின்னப் பரு போலக் கொப்புளம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் வேரடியில் சீழ் இருக்கிறது என்று பொருள். வலி நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும்.

இனி வைத்தியம். பல் டாக்டர் என்றதும் ஊசி, டிரில், பிடுங்குவது மூன்றும்தான் நினைவுக்கு வரும். குழந்தைகள் பல் மருத்துவம் கடந்த முப்பது நாற்பது வருஷத்தில் போன திசை இதற்கு நேர்மாறானது. எவ்வளவு குறைவாகத் தோண்டலாம் என்பதுதான் இப்போதைய யோசனை.

வெள்ளைக் கோடு நிலையில் ஃப்ளோரைடு வார்னிஷ். பிசின் போன்ற ஒரு திரவத்தைத் தூரிகையால் தடவுவார்கள். இரண்டு நிமிட வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது தடவவேண்டும். கூடவே வீட்டில் ஃப்ளோரைடு பேஸ்ட்.

சின்னக் குழி என்றால் கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட். பல்லோடு தானாக ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடை வெளிவிடும். இதை டிரில் இல்லாமலும் போடலாம். 1980களில் தான்சானியாவில், கரண்ட் இல்லாத ஊர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள்: கைக்கருவியால் மிருதுவான சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு சிமெண்டை விரலால் அழுத்தி அடைப்பது. சத்தம் இல்லை, பெரும்பாலும் ஊசியும் இல்லை. கரண்ட் இருக்கிற ஊரிலும் குழந்தைகளுக்கு அது நல்ல முறையாக ஆகிவிட்டது.

மூன்று வயதுக் குழந்தை வாயையே திறக்கவில்லை, நாலைந்து பல்லில் குழி என்றால்? சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்று ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. வெள்ளிச் சத்து கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லை இறுக்கும். ஜப்பானில் 1970 முதல் புழக்கத்தில் இருப்பது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதையும், கிளாஸ் அயனோமரையும், ஃப்ளோரைடு பேஸ்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சொத்தையைத் துடைத்துக் காயவைத்து, ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் முடிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி. பல சொத்தைகள் அங்கேயே நின்றுவிடும்.

ஒரே குறை, சொத்தைப்பட்ட இடம் கரிக்கட்டையாகக் கறுத்துவிடும். நல்ல பல் கறுக்காது. இதை முன்கூட்டியே சொல்லாமல் தடவினால் வீட்டில் சண்டை வரும். “நல்லாருந்த பல்ல டாக்டரு கெடுத்துட்டாரு” என்று ஆயா சொல்வார். கறுப்பு இங்கே நல்ல அறிகுறி, சொத்தை இறுகி நின்றதன் அடையாளம். கடவாய்ப் பல்லில் யாரும் பார்க்கப்போவதில்லை. முன்பல்லில் என்றால் பெற்றோர் யோசித்து முடிவு செய்யலாம்; மேலே வெள்ளை சிமெண்ட் வைத்து ஓரளவு மறைக்கவும் முடியும். சிரித்தால் கறுப்புத் தெரிகிற குழந்தை, வலியில் தூங்காத குழந்தை, இரண்டில் எது தேவலை என்பது என் வரையில் கடினமான கேள்வி இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது நான் இல்லை.

மூடி

எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் இது.

கடவாய்ப் பல்லில், அதுவும் இரண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை விழுந்தால் சிமெண்ட் அடைப்பு அடிக்கடி பெயர்ந்துவிடும். அதற்கு ஸ்டீல் கேப் போடுவார்கள். பல்லின் அச்சில் ஏற்கெனவே செய்து வைத்த மெல்லிய எவர்சில்வர் மூடி. முன்பெல்லாம் ஊசி போட்டு, சொத்தையை முழுக்கக் குடைந்தெடுத்து, பல்லைச் சுற்றிலும் ராவித்தான் மாட்டுவார்கள். நாலு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருக்குமா?

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் 1980களின் கடைசியிலிருந்து வேறு மாதிரி செய்துவந்தார். ஊசி இல்லை, டிரில் இல்லை, சொத்தையை எடுப்பதுகூட இல்லை. மூடிக்குள் சிமெண்டை நிரப்பிப் பல்லின் மேல் வைத்து, குழந்தையையே கடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். கேட்டால் சோம்பேறி வைத்தியம் போலத் தோன்றும். சொத்தையை உள்ளே வைத்து மூடுவதா? ஆனால் யோசித்தால் கணக்கு நேராகிறது. சொத்தையை வளர்ப்பது கிருமி, கிருமியை வளர்ப்பது நாம் தின்னும் சர்க்கரை. காற்றுப்புகாமல் மூடிவிட்டால் தீனி நின்றுபோகிறது, கிருமி அடங்கிவிடுகிறது.

அவர் பதிவேடுகளை ஆய்வாளர்கள் முதலில் அலசிப் பார்த்தார்கள். பிறகு ஸ்காட்லாந்திலேயே 132 குழந்தைகளுக்கு, வாயின் ஒரு பக்கம் இந்த மூடி, மறுபக்கம் வழக்கமான வைத்தியம் என்று செய்து ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். வலி, சீழ் போன்ற பெரிய தோல்விகள் மூடி போட்ட பற்களில் நூற்றுக்கு 3, மறுபக்கம் 16க்கு மேல். இப்போது உலகம் முழுக்க இதை ஹால் முறை என்கிறார்கள். பல் இடுக்கு நெருக்கமாக இருந்தால் சில நாளைக்கு முன்பே பற்களுக்கிடையில் சின்ன ரப்பர் வளையம் வைத்து இடம் பண்ணுவார்கள். மூடி போட்ட புதிதில் கடித்தால் அந்தப் பல் மட்டும் உயரமாக இடிக்கும். சில வாரத்தில் தானாகச் சரியாகும். பயந்து திரும்ப ஓடவேண்டாம்.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. இனிப்போ குளிர்ச்சியோ பட்டு ஒரு கணம் கூசினால் நரம்பு இன்னும் உயிரோடு நன்றாக இருக்கிறது, மூடலாம். ஒன்றும் தின்னாமலே வலித்து, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால், ஈறில் கொப்புளம் என்றால், மூடி மட்டும் போதாது. கூட்டுச்சாலையில் தோளில் கிடந்தானே, அந்தப் பிள்ளை இந்த ரகம். முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். நரம்பின் மேல்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் எடுத்து மருந்து வைத்து மூடுவது ஒன்று. வேர் வரை கெட்டிருந்தால் வேரையும் சுத்தம் செய்து நிரப்புவது இன்னொன்று. பால் பல்லுக்கு ரூட் கேனாலா என்று சிரிக்காதீர்கள். கீழிருந்து நிரந்தரப் பல் வரும்போது பால் பல்லின் வேர் கரைந்து வழிவிடும்; அதோடு சேர்ந்து கரையக்கூடிய பசையைத்தான் உள்ளே நிரப்புவார்கள். அதற்கு மேலும் ஸ்டீல் மூடிதான்.

பிடுங்குவது கடைசி. வேரடி முழுக்கச் சீழ், பல் உடைந்து மிச்சமில்லை என்றால் பிடுங்குவதுதான் சரி, அதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது கேட்கவேண்டியது: “இந்த இடத்துல புதுப் பல்லு எப்ப டாக்டர் வரும்?” இன்னும் சில மாதத்தில் என்றால் சும்மா விடலாம். வருஷக்கணக்கில் ஆகும், அதுவும் கடவாய்ப் பல் என்றால், இடத்தைக் காக்க ஒரு சின்னக் கம்பி வளையம் போடச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேட்க மறக்காதீர்கள்.

கன்னம் வீங்கினால் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்து, வீக்கம் வற்றியதும் விட்டுவிடுவது நம் வழக்கம். சிரப் வீக்கத்தை இறக்கும், பல்லைச் சரிசெய்யாது. இரண்டு மாதத்தில் அதே கன்னம் மறுபடி வீங்கும். பெரும்பாலான சிரப்பில் சர்க்கரை வேறு. இரவில் கொடுத்தால் பின்னால் வாய் கொப்பளிக்க வையுங்கள்.

அந்த ராத்திரிக்கு என்ன செய்வது? குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் சிரப், துப்பத் தெரிந்த பிள்ளை என்றால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. ஆயாவின் கிராம்பு பெரியவர்களுக்கு வேண்டுமானால் சரி. கிராம்பு எண்ணெய் குழந்தையின் ஈறைப் பொத்துப்போகச் செய்யும், விழுங்கினால் விஷம். முழுக் கிராம்பு தொண்டையில் சிக்கும். வலி மாத்திரையைப் பொடித்துப் பல்லில் அடைப்பதும் ஈறைச் சுடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வீக்கம் கண் பக்கம் ஏறினாலோ, தாடைக்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் எச்சில் ஒழுகினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள்.

எங்கே போவது

அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளை என்றால் பாதி வேலை வீட்டு வாசலுக்கே வரும். 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். அவர்கள் பார்க்கவேண்டிய நோய்ப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. குழு என்றைக்கு வருகிறது என்று டீச்சரிடம் கேட்டு வைத்து, அன்றைக்குப் பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். “பல்லையும் பாருங்க” என்று சொல்லி அனுப்புங்கள். மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அரசு மருத்துவமனை என்றால் பக்கத்தில் பொன்னேரி, மாவட்டத் தலைநகரில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. பல் மருத்துவர் இருக்கும் நாள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. ஒரு நாள் கூலி அதில் இருக்கிறது. பாண்டூரில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு. பொதுவாகப் பல் மருத்துவக் கல்லூரிகளில் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. நரம்பு வரை போன சொத்தை, பயந்து அலறும் குழந்தை என்றால் நான் சொல்வது சென்னையில் 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் பல் பிரிவு தனியாக உண்டு. கவரைப்பேட்டையில் காலை லோக்கல் ரயில் ஏறினால் சென்ட்ரல், ஜி.எச். தாண்டி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே. ஓ.பி. சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை போகவேண்டியிருக்கும் என்பதை மனதில் வைத்து லீவு சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும் வீட்டில் பலருக்கும் தெரியாதது, அது உங்களுக்கு மட்டுமானது இல்லை, பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

போவதற்கு முன்னால் வீட்டில் செய்யவேண்டியது ஒன்று. “சொன்ன பேச்சு கேக்கலைன்னா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லுவேன்” என்ற வசனத்தை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் நாற்காலியில் உட்கார மறுக்கும். “வலிக்கவே வலிக்காது” என்றும் சொல்லாதீர்கள். வலி என்ற சொல்லே பிள்ளை காதில் தங்கும். டாக்டர் பல்லை எண்ணப்போகிறார் என்று சொன்னால் போதும். முதல் முறை நிஜமாகவே எண்ணுவதோடு நின்றால் இன்னும் நல்லது. வலி வந்தபிறகு முதல் தடவை போவதைவிட, முதல் பிறந்தநாள் வாக்கில் ஒருமுறை காட்டிவிடுவது ஏன் என்றால் இதற்குத்தான்.

பேஸ்ட் விஷயத்தில் விளம்பரத்தை விட்டுவிட்டு டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். அளவில் இருக்கவேண்டும், நம் நாட்டில் அதுதான் உச்ச வரம்பு. கார்ட்டூன் படம் போட்ட சில குழந்தைப் பேஸ்டில் இதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி பிதுக்குவார்களே, அது பேஸ்ட் விற்பதற்கு. தேய்த்தபின் துப்பவேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளவேண்டாம், மிச்ச ஃப்ளோரைடு பல்லில் நிற்கட்டும். இரவுத் தேய்ப்புதான் முக்கியமானது. காலையில் மட்டும் தேய்க்கிற நம் வழக்கம் கதவைத் திறந்துவைத்துத் தூங்கி, விடிந்தபின் பூட்டுவது மாதிரி. ஏழெட்டு வயதுவரை பிள்ளை தானே தேய்த்தபிறகு பெரியவர் ஒருவர் இன்னொரு முறை தேய்த்துவிடவேண்டும். அந்த வயதுக் கைக்குக் கடவாய் எட்டாது. ஒடிசாவிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் சில குடும்பங்களில் பல் துலக்கக் குடாக்கு வைத்திருப்பார்கள். அது புகையிலை. பிள்ளை கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

ஆறு வயதில் இன்னொரு காரியம். எந்தப் பல்லும் விழாமலே, கடைசிக் கடவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கும். பால் பல் என்று நினைத்து அதையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஆறாவது பல் இருந்தால் அது விழாத பல், வாழ்நாள் முழுக்கச் சோறு மெல்லப்போகும் பல். அதன் மேல்பரப்பில் இருக்கும் பள்ளங்களில் சொத்தை விழுமுன் மெழுகினாற்போல மூடிவிடலாம். பல் டாக்டரிடம் சீலன்ட் என்று கேட்டால் தெரியும்.

ஸ்டீல் மூடி போட்ட பல்லை என்ன செய்வது, எப்போது கழற்றவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கழற்றவேண்டாம். பத்து, பதினொரு வயதில் கீழிருந்து புதுப் பல் தள்ளும்போது வேர் கரைந்து, பல் ஆடி, மூடியோடே விழும். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவது நம் பக்கத்து வழக்கம்; பளபளவென்று எவர்சில்வர் தொப்பி போட்டு விழுந்த பல்லை எறிவதா, எடுத்து வைப்பதா என்று ஆயாதான் சொல்லவேண்டும்.